பதினெட்டு அங்குல நாற்காலி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பழைய லயத்து வீட்டு வாசலில் இன்னும் ஒரு மரப்பலகை கிடக்கும். பத்து அங்குல உயரம் இருந்தால் பெரிது. கீரை ஆய்வதும் பூ கட்டுவதும் ஊர் நியாயம் பேசுவதும் அதில்தான். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் அதிலிருந்து எழுந்திருப்பதை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். கீரைத் தட்டைத் தரையில் வைப்பார். முந்தானையை இடுப்பில் செருகுவார். ஒரு கை முழங்காலில், இன்னொரு கை கதவு நிலையில். "முருகா" என்று ஒரு மூச்சு. இடுப்பு பாதி எழும்பி, ஒரு நொடி அங்கேயே நிற்கும். பிறகுதான் மீதி.

அந்த ஒரு நொடி போன தீபாவளிக்கு இல்லை. அடுத்த தீபாவளிக்குப் பலகையே இருக்காது. "கீழ உக்காராதீங்கம்மா" என்று யாராவது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். நாற்காலியிலும் அதே நொடி வந்து நிற்கும்போது கழிவறைக்குக் கூடவே ஆள் போக வேண்டியிருக்கும். வீட்டில் எல்லோரும் "திடீர்னு முடியாம போச்சு" என்பார்கள். திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. உடம்பால் முடிவது எவ்வளவு, வீடு கேட்பது எவ்வளவு என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கையிருப்பு தீர்ந்த அன்றைக்குத்தான் வீட்டார் அதைப் பார்த்தார்கள்.

தோட்டத்து ஆட்களிடம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாளைக்கு நானூறு, ஐந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், காண்டா என்ற தோள்தடியில் பால் சுமந்தவர்கள். "உழைச்ச உடம்பு, ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை அவர்களுக்கும் உண்டு, பிள்ளைகளுக்கும் உண்டு. தசை அப்படிச் சேர்த்துவைக்கிற சொத்து இல்லை. வேலை நின்றதும் அது கரையத் தொடங்குகிறது. மூட்டுத் தேய்மானம் மட்டும் அந்த உழைப்பின் மிச்சமாக உடம்பில் தங்கிவிடுகிறது.

கையிருப்பு எவ்வளவு என்று வீட்டிலேயே அளக்கலாம். கைப்பிடி இல்லாத, 17 அல்லது 18 அங்குல உயரமுள்ள கெட்டியான நாற்காலி வேண்டும். அதைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வழவழப்பான டைல்ஸில் நடுக்கூடத்தில் போட்டால் பின்னால் நழுவும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். ஆசிய நாடுகளின் தசைக்குறைவு நிபுணர் குழு 2019ல் வகுத்த அளவுப்படி 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலம் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப்பால் சுற்றி அளப்பதும் அதே குழு சொன்னதுதான். ஆணுக்கு 34 செண்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33க்கும் கீழே போனால் கவனிக்க வேண்டும். கால் வீங்கியிருப்பவர்களுக்கு இந்த டேப் கணக்கு பொய் சொல்லும்.

பயிற்சியும் அந்த நாற்காலியிலேயே. எழ முடியாதவருக்கு உயரத்தைக் கூட்டிக் கொடுங்கள். கெட்டியான மெத்தைத் துண்டு ஒன்றோ இரண்டோ வைத்து, கையை ஊன்றாமல் எழ முடிகிற உயரத்தைக் கண்டுபிடியுங்கள். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, குதிகால் தரையில் பதிய, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை முன்னால் சாய்ந்த பிறகுதான் எழ வேண்டும். நிமிர்ந்த வாக்கில் எழப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. அப்படி எழுந்தால் பின்னால் விழச் சொல்லும். உட்காரும்போது "தொப்" என்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். என்னைக் கேட்டால் எழுவதைவிட இந்த இறக்கம்தான் தொடைக்கு நல்ல வேலை. காலையில் எட்டு முறை, சாயந்திரம் எட்டு முறை. இரண்டு வாரம் சுலபமாகப் போனால் ஓர் அங்குலம் குறைக்கலாம். மூட்டு லேசாக நோகும், பரவாயில்லை. மறுநாளும் வீங்கி நோவெடுத்தால் உயரத்தைத் திரும்பக் கூட்டிவிடுங்கள்.

பயிற்சி மட்டும் போதாது, தட்டையும் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது இப்போதுள்ள பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 55 முதல் 66 கிராம். அவர் உண்மையில் சாப்பிடுவதைக் கூட்டுங்கள். காலையில் பால் கலக்காத கோப்பி ஓவில் நனைத்த பிஸ்கட் நாலு, மதியம் சோறும் குழம்பும் ஒரு துண்டு கெம்போங் மீனும், இரவு மிச்சச் சோறும் ரசமும். 35 கிராம் தேறினால் அதிகம். அதிலும் பாதி அந்த மீன் துண்டில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது. ஒரு முட்டை 6 கிராம். கெட்டித் தவ்வு (டோஃபு) 100 கிராமில் எட்டு, பத்து கிராம் கிடைக்கும். காலைப் பிஸ்கட்டுக்குப் பதில் இரண்டு அவித்த முட்டை, இரவு ரசத்தோடு ஒரு தவ்வு, மாலையில் ஒரு கிண்ணம் கச்சான் அல்லது கடலைச் சுண்டல் என்று வைத்தால் கணக்கு நேராகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. பல் இல்லாததால் மீனையும் கடலையையும் ஒதுக்குகிறவர்களுக்கு முதலில் பல்செட்டைச் சரிசெய்ய வேண்டும், அறிவுரை அப்புறம்.

அடுத்தது குளியலறை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1963ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் அன்றாடக் காரியங்களை ஆறாகப் பிரித்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே எடுத்துச் சாப்பிடுவது. பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல், கடைசியில் போவது சாப்பாடு. ஏன் குளியல் முதலில் போகிறது என்பதற்கு நம் வீட்டுக் குளியலறையைத் திறந்து பார்த்தாலே போதும்.

சமையலறையிலிருந்து ஐந்து, ஆறு அங்குலம் கீழே இறங்கும் ஒரு படி. ஈர சிமெண்டு. மூலையில் தொட்டி, அதில் மிதக்கும் பிளாஸ்டிக் காயோங். அதில் தண்ணீர் மொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்ற வேண்டும். சமநிலையைக் காப்பவை மூன்று: கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி. கண்ணை மூடியாயிற்று, தலையைச் சாய்த்ததில் உள்காது குழம்பியாயிற்று. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவருக்குப் பாதம் ஏற்கெனவே மரத்துக் கிடக்கிறது. சோப்பு நுரைமேல் நிற்கிற அந்த மனிதரிடம் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. விழாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. கால்களில் ரப்பர் முனையுள்ள ஓர் உட்காரும் பீடம், குழாயில் மாட்டும் கைஷவர், ரப்பர் விரிப்பு. உட்கார்ந்து குளித்தால் ஆபத்தில் பாதி போய்விடும். கைப்பிடிக் கம்பி மாட்டுகிறவர்கள் நாலு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கம்பியின் தடிமன் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம், பிடி முழுதாகச் சுற்றிக்கொள்ள. சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி போதும். அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கழிவறைப் பீடத்தின் பக்கத்தில் என்றால் உட்காரும் மட்டத்துக்கு மேல் எட்டு முதல் பத்து அங்குலத்தில் படுக்கை வாக்கில். நூறு கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். பலகைச் சுவர் வீட்டில் பலகையில் திருகினால் ஒரு நாள் கம்பியோடு ஆளும் வருவார். உள்ளே நிற்கும் மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அதில்தான் திருக வேண்டும். ரப்பர் உறிஞ்சியில் ஒட்டும் கம்பி ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். ஈரத்தில் அது எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. துண்டு போடும் கம்பியும் கைப்பிடி ஆகாது, பெரியவர்கள் பிடிப்பது எப்போதும் அதைத்தான்.

குந்தும் கழிவறையை உடைத்து மாற்ற வசதியில்லை என்றால் நடுவில் ஓட்டையுள்ள கமோட் நாற்காலியை அதன் மேலேயே வைக்கலாம். பதினெட்டு அங்குலம். உயரமான ஆளுக்கு ஓர் அங்குலம் கூட்டலாம், குட்டையான பாட்டிக்குக் கால் தரையில் பதியாவிட்டால் குறைக்க வேண்டும். நாற்காலிக் காலின் ரப்பர் முனை நாலும் இருக்கிறதா என்று மாதம் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். கதவு உட்புறம் திறப்பதாக இருந்தால் வெளிப்புறம் திறக்க மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் யாராலும் தள்ளித் திறக்க முடியாது. உள்தாழ்ப்பாளுக்குப் பதில் திரைச்சீலை போதுமென்றால் அதுவும் சரிதான், வீட்டுப் பெண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு கதை.

இரவில் படுக்கையிலிருந்து கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பது பல வீடுகளில் மாத்திரை நேரத்தைப் பொறுத்தது. தண்ணி மாத்திரை என்று நாம் சொல்கிற புரூசமைடு போன்றவற்றைச் சாயந்திரம் போட்டால் இரவு முழுக்க நடை. இரண்டாவது வேளையை மதியமே போட முடியுமா என்று கிளினிக்கில் கேட்டாலே பிரச்சினை தீரலாம். பிரசோசின் போன்ற பிரஷர் மாத்திரையும் இரவு தூக்க மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நின்றதும் கண் இருட்டும். வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20ஓ கீழ் எண் 10ஓ இறங்கினால் எழுதிவைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது.

சளிக்கும் அரிப்புக்கும் வாங்குகிற மஞ்சள் பிரிட்டான் மாத்திரை வயதானவர்களைக் குழப்பத்தில் ஆழ்த்தும், சிறுநீரையும் கட்டும். யாரும் அதை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை.

இனிப்பு நீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இந்நோய். எல்லா இனத்தையும் சேர்த்து 18.3 விழுக்காடு. தன் காரியம் தானே பார்க்க முடியாமல் போவதற்கு இது நாலு வாசல் வழியாக வருகிறது: கண், சிறுநீரகம், பாதம், தாழ்சர்க்கரை. கடைசியாகச் சொன்னதுதான் நாம் கவனிக்காதது. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டாயிற்று. பதினொரு மணிக்கு வியர்வை, கை நடுக்கம், பேத்தியின் பெயர் மறந்துபோதல். வீட்டில் "மறதி வியாதி வந்துடுச்சு" என்பார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 4க்குக் (mmol/L) கீழே இருக்கும். உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை, பிறகு சாப்பாடு. விழுங்க முடியாத அளவு மயக்கமாக இருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 999ஐ அழைக்க வேண்டும். விரதம் இருக்கத் தடையில்லை, ஆனால் அந்த நாளின் மாத்திரைக் கணக்கை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு பி12 குறைந்து கால் மரத்துப்போகலாம். அதையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பாதம் மரத்தவருக்கு ரப்பர் சிலிப்பர் எதிரி. நழுவிப்போனதே தெரியாமல் ஒற்றைக் காலில் சிலிப்பரோடு வருகிறவர்களைப் பார்க்கலாம். குதிகாலைச் சுற்றி வார் உள்ள செருப்புதான் சரி. கைத்தடிக்குப் பதில் குடையை ஊன்றுவதும் நம் ஊரில் வழக்கம். அதன் முனை ஈரத் தரையில் வழுக்கும். தடி என்றால் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரம், நோவுள்ள காலுக்கு எதிர்க்கையில். அடி ரப்பர் தேய்ந்தால் மாற்றுவதற்குச் சில வெள்ளிதான். கண்ணாடியில் இரட்டை வில்லை போட்டிருந்தால் படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்த்துப் படி மங்கும், தலையைக் குனிந்து மேல்பாதியில் பார்க்கப் பழக வேண்டும்.

இதுவரை சொன்னது வீட்டுக்குள். வெளியே வேறு கணக்கு. அமெரிக்க ஆய்வாளர்கள் லாட்டன், பிரோடி இருவரும் 1969ல் போட்ட பட்டியலில் எட்டுக் காரியங்கள்: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, போக்குவரத்து, மாத்திரை, காசு. நம் நாட்டில் முதியோருக்காக 2018ல் நடத்திய தேசிய ஆய்வில் குளியல், உடுத்தல் வகைக் காரியங்களில் சிரமப்பட்டவர்கள் சுமார் 17 விழுக்காடு. இந்த எட்டில் பிறர் கை தேவைப்பட்டவர்கள் சுமார் 43. உடம்பு படுப்பதற்கு வெகு முன்னாலேயே ஊர் கைவிட்டுவிடுகிறது என்று இதைப் படிக்கலாம்.

தோட்டத்து ஆளுக்கு இது வேலை ஓயும் நாளில் தொடங்குகிறது. தனியார் துறையில் 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வேலை முடிந்தால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு பட்டணத்துத் தாமான் குடியிருப்பிலோ, லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியிலோ வாசம். மூன்றாவது மாடி மலிவு என்று எடுத்த வீடு பத்து வருடத்தில் சிறையாகிவிடும். மாடிதான் வாய்த்தது என்றால் ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது நோவுள்ள கால் முன்னால், பிடிமானம் எப்போதும் ஒரு கையில். சாமானைத் தூக்க ஒரு கையும் பிடிக்க ஒரு கையும் வேண்டுமென்றால் பை தோளில் மாட்டுவதாக இருக்க வேண்டும்.

தோட்டத்திலேயே தங்கியவருக்கோ மோட்டார்தான் கால். பழைய கப்சாய் மோட்டாரை ஓட்டுவதை நிறுத்திய வாரத்திலிருந்து கிளினிக், பாசார், கோயில், முடிவெட்டும் கடை நாலும் ஒரே நாளில் தூரமாகிவிடும். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் வைத்தியம் ஏறக்குறைய இலவசம், அங்கே கொண்டுபோய் விடும் வண்டிதான் காசு கேட்கிறது. ஆகவே மோட்டாரைப் பிடுங்குவதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை யார் கிளினிக்குக்கு, வெள்ளிக்கிழமை யார் கோயிலுக்கு என்று பேசி முடித்துவிட வேண்டும். சாவியை ஒளித்துவைத்துவிட்டு "எங்க போகணும்னு சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிற மகன் வாரத்தில் ஆறு நாள் ஈப்போவில் வேலையில் இருப்பான்.

வங்கியில் அடையாள அட்டையான மைகார்டைச் செருகிப் பெருவிரலை வைத்தால் கருவி ஏற்காது. வயதும் உழைப்பும் ரேகையைத் தேய்த்துவிட்டன. விரலைக் கழுவி, துடைத்து, லேசாகக் கிரீம் தடவி ஈரப்பதம் வந்தபின் வைத்தால் சில சமயம் ஏற்கும். மற்றக் கை விரலையும் முயல வேண்டும். கைப்பேசி செயலியில் பேரன் எல்லாவற்றையும் செய்துகொடுப்பது வசதிதான். ஆனால் தன் காசு எவ்வளவு என்று தனக்கே தெரியாத நிலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாதம் ஒரு முறை மீதித் தொகையைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

சமையலறையில் பாரம்தான் எதிரி. 14 கிலோ எரிவாயுத் தோம்பு உருளையோடு சேர்த்து 30 கிலோ வரும். 26 வெள்ளி 60 காசுக்குத் தோம்பு வாங்கலாம், மாட்ட ஆள் வேண்டும். கொண்டுவருகிற கடைக்காரரிடமே மாட்டித்தரச் சொல்லிவிடுங்கள். அரிசியைப் பத்துக் கிலோ பையில் வைக்காமல் இரண்டு கிலோ டப்பாவில் பிரித்துவையுங்கள். தினம் எடுப்பது எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும். நாற்காலி போட்டு ஏறி எடுக்கிற மேல்தட்டில் ஒன்றும் வேண்டாம், பண்டிகைப் பலகாரச் சட்டி உட்பட.

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. "அத்தை, நீங்க சும்மா உக்காருங்க, நான் செய்றேன்" என்பது அன்புதான். அந்த வார்த்தைக்குப் பின்னால் வெங்காயம் உரிப்பது போகும், துணி மடிப்பது போகும், தன் கோப்பியைத் தானே கலக்குவது போகும். செய்யாத வேலை செய்ய முடியாத வேலையாக மாற அதிக நாள் ஆகாது. வேலையை முழுதாக வாங்காமல் அதன் கஷ்டமான துண்டை மட்டும் வாங்குங்கள். கோப்பிக்குச் சுடுதண்ணீரை மட்டும் நீங்கள் ஊற்றுங்கள், கலக்குவது அவர். குளியலில் முதுகை மட்டும் தேயுங்கள். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது அது கடைசியில் வரட்டும், இந்த ஒரு வரிசை தெரிந்தால் பலர் தாங்களே உடுத்திக்கொள்வார்கள். கைலி நழுவுகிறது என்றால் இடுப்பில் எலாஸ்டிக் தைத்துவிடலாம். நேரம் ஆகும், பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. பள்ளிக்குப் போகிற காலை அவசரத்தில் வேண்டாம், பத்து மணிக்குக் குளிக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் கையிருப்பை ஒரே வாரத்தில் தீர்ப்பது ஆஸ்பத்திரிப் படுக்கை. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. நோயே இல்லாதவர்களுக்கு அப்படி. காய்ச்சலோ நிமோனியாவோ வந்து சாப்பாடும் இறங்காமல் கிடக்கிறவருக்கு எவ்வளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால் மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும், கழிவறைக்குப் பிடித்துக்கொண்டாவது நடக்கட்டும்.

வசதிக்காக மாட்டுகிற பேம்பர்ஸ் மூன்று நாளில் பழக்கமாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பகலில் அதைக் கழற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். கூடத்தில் கட்டில் போடுகிறவர்கள் டிவி தெரிகிற மூலையைத் தேடாமல் கழிவறைக்குக் குறைந்த அடிகள் உள்ள இடத்தைத் தேடுங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் குழிவுள்ள மரக்கட்டை கொடுத்துப் பதினெட்டு அங்குலத்துக்கு உயர்த்தலாம், செங்கல் வைத்தால் நகர்ந்துவிடும். முதல் வாரம் எட்டு முறை வேண்டாம், மூன்று மூன்றாக நாலு வேளை. பதினான்காவது நாள் அந்த நாற்காலியைச் சுவரோடு போட்டு, திரும்ப ஐந்து முறை எழச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள்.